சாட்சி சொல்லும் வாழ்வு

நீதிமன்றத்திலே மூவர் பேசக் கேட்கிறோம். சட்டத்தரணி வழக்கை வாதாடுகிறார். நியாயாதிபதி தீர்ப்பு உரைக்கிறார். சாட்சியோ தாம் நேரிற் கண்டதையும் தமக்கு நேர்ந்ததையும் மாத்திரம் சொல்லிவிட்டுக் கூண்டினின்று இறங்கிவிடுகிறார். சாட்சி வாதாடத் தொடங்கினால் நியாயாதிபதி அவரைத் தடுத்துவிடுவார். பிறர் சொல்லக் கேட்டதைத் தாம் கண்டதுபோற் சொன்னால் குறுக்கு விசாரணையில் அகப்பட்டுக்கொள்வார். சாட்சியின் வேலை சிறியது போலத் தோன்றும். ஆயினும், வழக்கு முழுவதும் அவருடைய சொல்லின் உண்மையையே நம்பி நிற்கிறது.

கிறிஸ்தவ வேதத்திலே, விசுவாசத்தைப் பிறருக்கு எடுத்துரைப்பவனுக்கு வழங்கும் பெயர் இந்தச் ‘சாட்சி’ என்பதே. இயேசுநாதர் தம் சீடரை உலகெங்கும் அனுப்பியபோது, தமக்குச் சாட்சிகளாயிருக்கும்படி அவர்களைப் பணித்தார் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறும். வாதிகளாயிருக்கும்படியோ, பிறரைத் தீர்ப்பிடும் நியாயாதிபதிகளாயிருக்கும்படியோ அவர் பணித்தாரல்லர். கிரேக்க மொழியிலே சாட்சியைக் குறித்த சொல்லே, பிற்காலத்தில் விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த தியாகியைக் குறிக்கவும் வழங்கலாயிற்று. சாட்சி என்பது நாவினால் மாத்திரம் முடியும் காரியமன்று என்பதை ஆதித் திருச்சபையார் நன்கு அறிந்திருந்தனர்.

சைவரும், கிறிஸ்தவரும், இஸ்லாமியரும், பௌத்தரும் அயலவராய் வாழும் நம் நாட்டிலே, ஒரு கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைப் பிறருக்கு எவ்வாறு சொல்லலாம்? சொல்லாது விட்டால் தன் உள்ளத்துக்குத் துரோகம் செய்தவனாவான். சொல்லும் முறை தவறினால் அயலவரின் உள்ளத்தைப் புண்படுத்தியவனாவான். மாமியார் கந்தசுவாமி கோவிலுக்கும் மருமகள் தேவாலயத்துக்கும் செல்லும் குடும்பங்களிலே இது நாள்தோறும் எழும் வினாவாகும். பாடசாலையிலும் விடுதியிலும் பல சமயத்தாரோடு பழகும் மாணவரையும் இவ்வினா விடுவதில்லை. இதற்கு விடை தேடுவோர்க்கு வேதாகமமும் நம் தேசத்து வரலாறும் நல்ல பாடங்களை வைத்திருக்கின்றன.

கிணற்றடியும் குளத்தடியும்

யோவான் எழுதிய சுவிசேஷத்திலே நினைவிற் பதியத்தக்க இரு சாட்சிகளைக் காண்கிறோம். முதலாமவள் சமாரியா நாட்டுப் பெண். ஊராரின் நன்மதிப்பைப் பெறாத வாழ்க்கையுடையவள். நண்பகல் வேளையிலே தண்ணீர் அள்ள வந்த அவள், கிணற்றடியில் இயேசுவோடு உரையாடியபின் குடத்தையும் அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். அங்கே அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் வாழ்க்கை முழுவதையும் எடுத்துச் சொல்லிவிட்ட ஒருவரைக் கண்டதாகக் கூறி, வந்து பார்க்கும்படி ஊராரை அழைத்தாள். அவர்தாம் கிறிஸ்துவோ என்பதைக் கூட ஒரு வினாவாகவே அவர்கள் முன் வைத்தாள். ஊரார் வந்தனர். இரண்டு நாள் அவரைத் தங்களோடு தங்கச் செய்தனர். பின்னர், அவளுடைய சொல்லுக்காக அன்றித் தாங்களே கேட்டு அறிந்தமையால் நம்புவதாக அவளிடமே கூறினர். அழைப்பதோடு அவளுடைய பணி முடிந்தது. அறிவது அவரவர் பணியாயிற்று.

இரண்டாமவன் பிறவிக் குருடன். சீலோவாம் குளத்திலே கழுவிப் பார்வை பெற்ற அவனைக் கற்றோர் பலர் சூழ்ந்துகொண்டு விசாரித்தனர். உனக்குப் பார்வை தந்தவர் பாவியல்லவா என்று வற்புறுத்தினர். அவன் அவர்களோடு வேதசாஸ்திர விவாதத்தில் இறங்கவில்லை. அது தனக்குத் தெரியாதென்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான். முன்பு குருடனாயிருந்த தான் இப்போது காண்கிறான் என்பது மாத்திரமே தனக்குத் தெரியும் என்றான். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே அவன் கீறிய அந்தக் கோடே அவன் சாட்சிக்கு வலிமை தந்தது.

பேதுரு அப்போஸ்தலர் தமது முதலாம் நிருபத்திலே இதற்கு ஓர் ஒழுங்கையே வகுத்துள்ளார். உங்களிடத்திலுள்ள நம்பிக்கைக்குக் காரணம் யாதென எவரேனும் கேட்டால், விடையளிக்க எப்போதும் ஆயத்தமாயிருக்கவேண்டும். அவ்விடையைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் அளிக்கவேண்டும் என்பது அவர் அறிவுரையின் கருத்து. ஊன்றிப் பார்த்தால், கேட்பவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது இதில் அடங்கியிருக்கிறது. ஒருவர் ஏன் கேட்கப்போகிறார்? நம் வாழ்க்கையிலே கேட்கத் தூண்டும் ஏதோ ஒன்றைக் கண்டால் அல்லவா கேட்பார்? ஆகவே, வாழ்வு முதலிலும், வினா அதன் பின்னும், விடை இறுதியிலும் வருதல் முறையாகும். இம்முறை மாறிப்போன காலங்களிலே நன்மையோடு தீமையும் கலந்தே விளைந்திருக்கிறது.

வாதம் மலிந்த காலம்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே யாழ்ப்பாணம் அத்தகைய காலம் ஒன்றைக் கண்டது. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரி தொடங்கப்பட்டது. 1824இல் உடுவிலிலே பெண்கள் விடுதிப் பாடசாலை எழுந்தது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவரலாயிற்று. கல்விக்கும் அச்சுக்கலைக்கும் பெண்கல்விக்கும் அவர்கள் ஆற்றிய தொண்டைச் சைவப் பெருமக்களும் மறுப்பதில்லை. ஆயினும், அக்காலத்திலே எதிர்ச்சமயத்தைக் கண்டித்து எழுதுவதும் சமயப் பணியின் பகுதியாகக் கருதப்பட்டது. துண்டுப்பிரசுரங்கள் பறந்தன. ஒருவர் வழிபாட்டை மற்றவர் எள்ளி எழுதினர்.

அதன் விளைவை நல்லூர் ஆறுமுக நாவலரின் வரலாற்றிலே காணலாம். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நாவலர், பீற்றர் பேர்சிவல் பாதிரியார் செய்த வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். கிறிஸ்தவ வேதத்தை அவரைப்போல் ஆழ்ந்து கற்ற தமிழர் அந்நாளில் மிகச் சிலரே. அத்தகையவர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டு, சைவ ஆசாரங்களைப் பழித்தோர்க்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே விடை கூறினார். வாதத்தினால் எதிரியை வெல்ல நினைத்தவர்கள், எதிரியின் வாள் கூர்மையடையவே உதவினர். நாவலர் வேதாகமத்தை அறியாமல் எதிர்த்தவரல்லர் என்பதை, வாதத்தினால் மனத்தை மாற்றலாம் என நம்புவோர் மறக்கலாகாது.

வாதத்தைப் போலவே ஆதாயமும் சாட்சியைக் கெடுத்தது. ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெறுவதற்காகவே பலர் செமினரியை நாடுகின்றனர் என்ற குறை எழுந்தது. உத்தியோகம் கிடைத்ததும் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினோரும் இருந்தனர். 1855இல் அமெரிக்க மிஷன் சபையார் அச்செமினரியையே மூடிவிட்டனர். வயிற்றுக்காக ஏற்ற சமயம் என்று பிறர் இகழும் நிலை, உண்மையாகவே மனம்மாறியவரையும் சேர்த்தே பாதித்தது. ஒருவன் எதற்காக நம்புகிறான் என்பதில் ஐயம் எழுந்துவிட்டால், அதன்பின் அவன் சொல்லும் சாட்சி செல்லாக்காசாகிவிடுகிறது.

மானிப்பாய் வைத்தியர்

இந்த வாதங்களின் நடுவே வேறொரு வழியில் நடந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தவர் அவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டிலே மானிப்பாயில் வைத்தியப் பணியையும் வைத்தியக் கல்வியையும் தொடங்கினார். இடையிலே தாய்நாடு சென்று, 1862இல் மீண்டும் வந்து, 1873வரை பணியாற்றினார்.

கிறீன் தம் விசுவாசத்தை ஒளித்துவைத்தவரல்லர். அவர் ஒரு மிஷனரி. மிஷனரி என்றே அறியப்பட்டார். ஆயினும், அவர் செய்த சாட்சியின் பெரும்பகுதி கத்தியாலும் மருந்தாலும் எழுத்தாலும் செய்யப்பட்டது. அவரிடம் வந்த நோயாளருட் பெரும்பாலோர் சைவராக வந்து சைவராகவே திரும்பினர். அதனால் அவர்களுக்குக் கொடுத்த மருந்தின் அளவு குறைந்துவிடவில்லை.

முதலில் அவர் ஆங்கிலத்திலே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வேற்றிடங்களுக்குப் போய்விடுவதைக் கண்டார். தமிழிற் கற்றவர்களோ தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு வைத்தியம் செய்வர் என எண்ணி, இரண்டாம் முறை வந்தபோது, 1864 தொடக்கம் மேலைத்தேச வைத்தியம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். கிறீன் தாமும் தமிழ் கற்றார். தம் மாணவர்களையும் துணைக்கொண்டார். அவ்வாறு பிறந்தவையே ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள். உடலமைப்பைக் கூறும் நூலுக்கு அங்காதிபாதம் என்றும், உடலின் தொழில்களைக் கூறும் நூலுக்குச் சுகரணம் என்றும் பெயர்கள் அமைந்தன. உடல்நலம் குன்றி அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னரும் அவர் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை. அவரும் அவர் மாணவரும் தமிழாக்கிய பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேலாவர்.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிடவேண்டும். கிறிஸ்தவனாவதற்கு ஒருவன் மேலைநாட்டானாக வேண்டியதில்லை என்பது கிறீனின் உறுதியான எண்ணம். தம் மாணவர் உடையிலும் உணவிலும் பேச்சிலும் தமிழராகவே இருத்தல்வேண்டும் என அவர் விரும்பினார். அக்காலத்து மிஷனரிமார் பலர் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கவில்லை.

1884இல் அவர் தம் பிறந்த ஊரிலே மறைந்தார். தமிழருக்கு வைத்திய சுவிசேஷகர் எனப் பொருள்படும் சொற்கள் அவரது கல்லறையிலே பொறிக்கப்பட்டன. வைத்தியர் என்று மாத்திரமோ, சுவிசேஷகர் என்று மாத்திரமோ அவர் தம்மை எண்ணவில்லை. இரண்டும் அவருக்கு ஒரே பணியாகவே இருந்தன. மானிப்பாய் வைத்தியசாலை பின்னர் அவர் பெயரையே தாங்கி நின்றது. சைவ மக்களும் அப்பெயரை அன்போடு சொல்லினர். கண்டன நூல்கள் பெற்றுத்தராத இடத்தை ஒரு நல்ல வைத்தியனின் கை பெற்றுத்தந்தது.

ஓர் இரவும் மூன்று வீடுகளும்

கிறீனுக்கு முன்னரே யாழ்ப்பாணத்திலே வைத்தியப் பணியைத் தொடங்கியவர் ஜோன் ஸ்கடர் என்பவர். நியூயோர்க் நகரிலே பெயர்பெற்ற வைத்தியராயிருந்த அவர், அதனைத் துறந்து வந்து பண்டத்தரிப்பிலே தங்கி நோயாளரைப் பேணினார். 1836இல் சென்னைக்குச் சென்றார். அவருடைய மைந்தரும் பெயரரும் தென்னிந்தியாவிலே அதே பணியைத் தொடர்ந்தனர். அப்பரம்பரையிலே, 1870இற் பிறந்த பெயர்த்தி ஐடா ஸ்கடர்.

ஐடாவுக்கு மிஷனரியாகும் எண்ணம் சிறிதும் இருக்கவில்லை. அமெரிக்காவிலே படித்து, அங்கேயே சுகமாக வாழ விரும்பினார். நோயுற்ற தாயாருக்கு உதவும் பொருட்டுச் சிறிதுகாலம் திண்டிவனத்திலே தங்க வந்தார். அங்கே ஓரிரவு, பிராமணர் ஒருவர் வந்து பிரசவ வேதனையிலே துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தார். தாம் வைத்தியரல்லர் என்றும், தம் தந்தையாரே வைத்தியர் என்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு வழக்கம் இடந்தராது என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். அவ்விரவிலேயே இஸ்லாமியர் ஒருவரும் மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்தனர். அதே விடையைப் பெற்று அவர்களும் திரும்பினர். மறுநாட் காலையிலே மூன்று பெண்களும் இறந்துபோயினர் என்ற செய்தி வந்தது.

ஐடா கதவை மூடிக்கொண்டு நெடுநேரம் சிந்தித்தார், வேண்டுதல் செய்தார். பின்னர், வைத்தியம் கற்றுத் திரும்பிவரப் போவதாகப் பெற்றோரிடம் கூறினார். 1899இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே வைத்தியப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரிலே ஒரேயொரு கட்டிலோடு தம் பணியைத் தொடங்கினார். 1902இல் நாற்பது கட்டில்கள் கொண்ட மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை எழுந்தது. 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1918இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளியைத் தொடங்க முயன்றபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று அதிகாரி ஒருவர் கூறினாராம். நூற்றைம்பத்தொருவர் விண்ணப்பித்தனர். அப்பள்ளியே இன்று உலகறிந்த வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் நோயாளரை அங்கே அழைத்துச் சென்றிருக்கின்றன. 1960இல் தொண்ணூறாவது வயதை நெருங்கிய நிலையில் ஐடா அம்மையார் கோடைக்கானலிலே காலமானார்.

அந்த மூன்று அழைப்புகளும் கடவுளுடைய குரலாகவே தமக்குக் கேட்டன என்று அவர் தம் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அதுவே அவருடைய தனிப்பட்ட சாட்சி. அச்சாட்சியிலே அவர் தம்மைப் பெரியவராகக் காட்டவில்லை. தம்மால் உதவ முடியாமற்போன ஓரிரவையே அவர் எடுத்துரைத்தார். அழைக்க வந்தவர்கள் மூவரும் பிற சமயத்தவர்கள். கிறிஸ்தவப் பெண்ணொருத்திக்கு அவளுடைய கடமையை உணர்த்தியவர்கள் அவர்களே. சாட்சி சொல்லப் புறப்படுபவன் பிறரிடமிருந்து பெறவும் ஆயத்தமாயிருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

காந்தியடிகள் கூறிய அறிவுரை

பிற சமயத்தவரிடமிருந்து பெறுவதற்கு மற்றோர் உதாரணமும் உண்டு. ஸ்ரான்லி ஜோன்ஸ் என்னும் அமெரிக்க மெதடிஸ்த மிஷனரி 1907இல் இந்தியாவுக்கு வந்தவர். கிறிஸ்தவம் இந்நாட்டுக்கு அந்நியமாகத் தோன்றாதிருக்கக் கிறிஸ்தவர் யாது செய்யவேண்டும் என அவர் காந்தியடிகளையே நேரிற் கேட்டார். அடிகள் நான்கு அறிவுரைகள் கூறியதாக, 1925இல் வெளிவந்த தமது நூலிலே ஜோன்ஸ் எழுதியுள்ளார். கிறிஸ்தவர் அனைவரும் இயேசுவைப்போல வாழத் தொடங்குதல் முதலாவது. தம் சமயத்தைக் கலப்பின்றியும் குறைக்காமலும் கைக்கொள்ளுதல் இரண்டாவது. அன்பையே தலையாயதாகக் கொள்ளுதல் மூன்றாவது. பிற சமயங்களிலுள்ள நன்மையைக் காணும்பொருட்டு அவற்றை அனுதாபத்தோடு கற்றல் நான்காவது.

உங்கள் நம்பிக்கையைச் சற்றே தளர்த்திக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் பிடித்தவாறு மாற்றிக்கொள்ளுங்கள் என்று அடிகள் சொல்லவில்லை. முழுமையாகக் கைக்கொள்ளுங்கள் என்றே சொன்னார். உண்மையான சமயப்பற்றுடைய சைவர் ஒருவர், அரைகுறையான கிறிஸ்தவனைக் காட்டிலும் உறுதியான கிறிஸ்தவனையே மதிப்பார் என்பது நம் ஊர்களிலும் கண்கூடு.

ஜோன்ஸ் இதன்பின் கையாண்ட முறையும் அறியத்தக்கது. இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர், சமயநம்பிக்கையற்றோர் யாவரையும் வட்டமாக அமரச்செய்து உரையாடற் கூட்டங்களை அவர் நடத்தினார். அங்கே பிறர் சமயத்தைக் கண்டிக்கக்கூடாது, வாதாடக்கூடாது. அவரவர் சமயம் அவரவர் வாழ்க்கையிலே உண்மையில் யாது செய்தது என்பதையே சொல்லவேண்டும். நூலிற் படித்ததை விட்டு வாழ்ந்ததைச் சொல் என்றால், நெடுநேரம் பேசக்கூடியவர்கள் மிகச் சிலரே. எந்தச் சமயத்தவரையும் அக்கேள்வி தம் உள்ளத்தைத் தாமே பார்க்கச் செய்துவிடும்.

நம் மண்ணிற் பிறந்தவர் காட்டிய உவமை

இக்கருத்தை உலகத் திருச்சபைகளுக்கு எடுத்துரைத்தவர்களுள் நம் தெல்லிப்பழையிலே 1908இற் பிறந்த டி. ரி. நைல்ஸ் பாதிரியாரும் ஒருவர். 1948இல் அம்ஸ்ரர்டாமிலே உலகத் திருச்சபைகள் மன்றம் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டபோது, அதன் தொடக்க ஆராதனையிலே பிரசங்கித்தவர் அவர். சுவிசேஷம் அறிவித்தலுக்கு அவர் கூறிய உவமை உலகெங்கும் பரவியது. பசித்த பிச்சைக்காரன் ஒருவன், தன்னைப்போன்ற வேறொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் கிடைக்கும் இடத்தைக் காட்டுவது போன்றது அது என்பதே அவ்வுவமையின் பொருள்.

இவ்வுவமையிலே தானம் செய்யும் தனவந்தன் இல்லை. இருவரும் பசித்தவர்கள். ஒருவனுக்கு வழி தெரிந்திருக்கிறது, அவ்வளவே. அப்பத்தின் உரிமையாளனும் அவனல்லன். வழியைச் சொன்னவன் மற்றவனைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லவும் முடியாது. நான் அறிந்தவன், நீ அறியாதவன் என்ற மமதையை இவ்வுவமை அடியோடு அறுத்துவிடுகிறது.

நைல்ஸ் கூறிய வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1935இல் அவர் புகழ்பெற்ற இறையியல் அறிஞர் கார்ல் பார்த் என்பவரைச் சந்தித்தார். பிற சமயங்கள் யாவும் அவிசுவாசமே என்று பார்த் கூற, எத்தனை இந்துக்களைத் தாங்கள் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் வினவினார். ஒருவரையும் சந்தித்ததில்லை என்றார் பார்த். அவ்வாறாயின் எவ்வாறு அறிந்தீர்கள் என்றதற்கு, அது அனுபவத்துக்கு முன்னரே அறியப்படுவது என விடை வந்தது. நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகைத்தார். சைவ அயலவரோடு வளர்ந்த யாழ்ப்பாணத்தவரின் புன்னகை அது. நைல்ஸ் பார்த்தின்மேல் வைத்திருந்த மதிப்பு அதனாற் குறையவில்லை. தம் விசுவாசத்திலும் அவர் தளரவில்லை. மனிதரை அறியாமல் அவர்களுடைய சமயத்தைத் தீர்ப்பிட மாத்திரம் அவர் இசையவில்லை. 1970இல் அவர் காலமானது ஐடா அம்மையார் தோற்றுவித்த வேலூரிலே என்பதும் நினைவுகூரத்தக்கது.

வீட்டிலும் விடுதியிலும்

இப்பெரியோரின் வாழ்க்கையிலிருந்து நம் குடும்பங்களும் மாணவரும் பெறத்தக்க பாடங்கள் சில உண்டு.

முதலாவது, வீட்டிலே தொடங்குக. தேவாலயத்திலே பாடும் வாய், வீட்டிலே வேலைக்கு நிற்பவரை ஏசுமாயின் அந்தப் பாட்டை அயலவர் நம்பமாட்டார்கள். வாங்கிய கடனை நாட்பொய்க்காது திருப்பிக்கொடுத்தல், எல்லை வேலித் தகராற்றிலே நியாயமாய் நடத்தல், இழவு வீட்டிலே முதலாளாய்ப் போய் நிற்றல் ஆகிய இவையே அயலவர் வாசிக்கும் சுவிசேஷம். பிள்ளைகளோ அதனை அயலவருக்கு முன்னரே வாசித்துவிடுகின்றனர்.

இரண்டாவது, உதவியை விலையாக்கலாகாது. நோயாளியின் கட்டிலருகிலும், வெள்ளத்திலும் போரிலும் வீடிழந்தவர் முன்னிலையிலும், உதவியோடு சமயத்தைச் சேர்த்துக் கட்டுவது சாட்சியாகாது, அது வியாபாரமாகும். வேண்டுதல் செய்யலாமா என்று முதலிற் கேட்டு, சம்மதித்தாற் செய்க. வேண்டாம் என்றால், கொண்டுபோன கஞ்சியைக் கொடுத்துவிட்டு முகமலர்ச்சியோடு திரும்புக. பிறர் வீட்டுச் சிறுபிள்ளைகளுக்குப் பெற்றோர் அறியாமற் சமயம் போதித்தலும் தகாது. நம் பிள்ளைக்கு மற்றவர் அவ்வாறு செய்தால் நம் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தாற் போதும்.

மூன்றாவது, கேட்டால் ஒளிக்கவேண்டாம். நல்வாழ்க்கை ஒன்றே போதும், வாய் திறக்கவேண்டியதில்லை என்பாரும் உளர். ஆனால், வாழ்வின் வேரைக் கேட்பவருக்குக் காட்ட மறுப்பதும் ஒருவகைக் கஞ்சத்தனமே. விடுதியிலே அறைத்தோழன் ஒருவன், பரீட்சையிலே தவறியும் நீ எப்படி மனமொடியாதிருக்கிறாய் என்று கேட்டால், அதற்கு உண்மையான காரணத்தை ஐந்து நிமிடத்திலே எளிய சொல்லிலே சொல்லக் கற்றுக்கொள்ளவேண்டும். மனமொடிந்திருந்தால் அதையும் மறையாது சொல்லலாம். பிறவிக் குருடனைப் போலத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். நடவாத அற்புதத்தை நடந்ததாகச் சொல்வது சாட்சியல்ல, பொய்ச்சாட்சி.

நான்காவது, கேட்கக் கற்றுக்கொள்க. சைவ நண்பன் தேவாரம் ஓதும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது என்று மரியாதையோடு கேட்டறியாத கிறிஸ்தவ மாணவன், தன் கதையை அவன் கேட்கவேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

மற்றவர் உரிமை

நம் நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தாம் விரும்பும் சமயத்தை உடையவராயிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொருவருக்குமுள்ள சுதந்திரத்தைப் பத்தாம் உறுப்புரையிலே கூறுகிறது. வழிபாட்டிலும் ஒழுகலாற்றிலும் போதனையிலும் சமயத்தை வெளிப்படுத்தும் உரிமை பதினான்காம் உறுப்புரையிலே பிரஜைகளுக்குத் தரப்பட்டுள்ளது. சொல்பவனுக்கு ஓர் உரிமை உண்டு. கேட்பவனுக்கும் ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. இதனைச் சட்டம் சொல்லுமுன்னரே, சமாரியப் பெண் தன் ஊராரைத் தாமே வந்து பார்க்க விட்டதன்மூலம் காட்டிவிட்டாள்.

மறுப்பவரும் நமக்கு இழப்பல்லர். வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தவர். பின்னர்ச் சைவராய் வாழ்ந்தார். அங்கு பெற்ற கல்வியின் பயனைத் தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுலகம் முழுவதற்கும் அளித்தார். விதைத்தவர் எண்ணிய பயிர் இதுவன்று. ஆயினும், கலித்தொகையைக் கையிலேந்தும் எவரும் அவ்விதைப்பை வீண் என்று சொல்லத் துணியார்.

சாட்சி சொல்லியவர் கூண்டினின்று இறங்கிவிடவேண்டும். தீர்ப்பு அவருடையதன்று. அதன்பின் அவர் செய்யத்தக்கது ஒன்றே. தாம் சொன்ன சொல்லுக்குத் தம் வாழ்க்கை மாறுபடாதபடி, அடுத்த நாளும் அதே ஒழுங்கையிலே, அதே அயலவர் நடுவே, நேர்மையாக வாழ்ந்து வருதல்.